ஒரு தெரு, நாலு வீடு, வாரம் ஒரு நாள்: சபையில் நோயாளர் சந்திப்பு ஊழியம் தொடங்கும் வழி

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சபைகளில் தான தர்மத்துக்குப் பஞ்சமே இருக்காது. முதியோர் இல்லத்துக்குப் போர்வை, ஆற்றோரக் குடிசைகளுக்குப் பிரியாணிப் பொட்டலம், கூடவே கேக்கும் காலண்டரும், முடிவில் பேனரைப் பிடித்தபடி ஒரு குரூப் போட்டோ. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவருக்கு ஜனவரியிலும் மருந்து வேண்டும், பிப்ரவரியிலும் முதுகைத் துடைத்துவிட ஆள் வேண்டும். மார்ச் மாதம் அவர் வீட்டுக்கு யார் போகிறார்கள்?

இந்த வழிகாட்டி அந்த மார்ச் மாதத்துக்காக எழுதியது. பெரிய பணமோ அறக்கட்டளையோ இல்லாத ஒரு சாதாரண சபை, தன்னைச் சுற்றியுள்ள நோயாளிகளையும் படுக்கையில் இருக்கும் முதியவர்களையும் வாரந்தோறும் சந்திப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். சிஎஸ்ஐ, லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எந்தச் சபைக்கும் பொருந்தும். ஆயர், பங்குத்தந்தை, பாஸ்டர் என்ற பெயர்களை உங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: லூக்கா 10-ஐக் கணக்குப் பார்க்கிறவர் போல வாசியுங்கள்

வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டோம். அதனால் அதில் இருக்கும் வேலை விவரங்கள் கண்ணில் படுவதில்லை. குழுவாக உட்கார்ந்து 33 முதல் 35 வரை உள்ள வசனங்களை மட்டும் மெதுவாக வாசித்து, அந்த மனிதன் என்னென்ன செய்தான் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கிட்ட வந்தான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான். மறுநாள் கிளம்பும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். ஒரு கூலியாளின் நாள் சம்பளம் ஒரு பணம் என்று மத்தேயு 20-லிருந்து தெரிகிறது. ஆக, இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான்.

பிரசங்கங்களில் அதிகம் வராத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அவன் தன் பயணத்தை ரத்து செய்யவில்லை. பிழைப்பை விட்டுவிட்டு அங்கேயே தங்கவில்லை. தன்னால் ஆனதைச் செய்துவிட்டு, மீதியைத் தெரிந்த ஒருவர் கையில் ஒப்படைத்து, செலவுக்கும் பொறுப்பேற்று, மறுபடி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். வேலை, குடும்பம், ஈஎம்ஐ என்று ஓடிக்கொண்டிருக்கும் நமக்கு இது பெரிய ஆறுதல். எல்லாவற்றையும் துறந்தால்தான் ஊழியம் என்று நினைத்துத் தயங்கி நிற்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இங்கே கேட்கப்படுவது அந்தத் துறவு இல்லை. மறுபடி வருவேன் என்று சொன்னால் வர வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: வேகத்தைக் குறையுங்கள், ஏற்பாட்டைக் கூட்டுங்கள்

1617-ஆம் ஆண்டு பிரான்சில் ஷத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிறு திருப்பலிக்கு ஆயத்தமாகும்போது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை என்று செய்தி வந்தது. மறையுரையில் அதைச் சொன்னார். மதியத்துக்கு மேல் அந்த வீட்டைப் பார்க்க அவர் நடந்தபோது, வழியெல்லாம் சாப்பாடு கொண்டுபோகும் பெண்களும், கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்களுமாக இருந்தார்கள். அவருக்குச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு வந்த உணவு பாதி கெட்டுப்போகும், நாளைக்கு அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது.

இரக்கம் இருக்கிறது, ஏற்பாடு இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. அந்தப் பெண்களையே சேர்த்து முறை வைத்து, யார் எந்த நாள் போவது என்று சங்கமாக்கினார். அதற்கு அவர் எழுதிய விதிமுறையில் தட்டை எப்படி வைப்பது, இறைச்சியை எப்படித் துண்டாக்கிக் கொடுப்பது என்பதுவரை இருக்கிறது. அதில் ஒரு விதியை நம் குழுவும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: உடன் ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போங்கள், தனியாக இருப்பவரிடம் கடைசியில் போங்கள். அப்போதுதான் அவரோடு அதிக நேரம் இருக்க முடியும்.

நம் ஊரில், வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வருமாறு அப்போது மருத்துவம் படித்திராத அவரைக் கூப்பிட்டதும், மருத்துவரான அவர் அப்பாவை ஆண் என்பதால் அவர்கள் மறுத்துவிட்டதால் மூன்று பெண்களும் இறந்துபோனதும் எல்லாருக்கும் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். பிற்பாடு குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போய் மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். வரும் நாள் தெரிந்திருந்ததால் மக்கள் வந்து காத்திருந்தார்கள்.

ஆகவே முதல் தீர்மானம்: ஒரு தெரு அல்லது ஒரு பகுதி, நாலு வீடு, வாரத்தில் ஒரு நாள். கிழமையை மாற்றாதீர்கள். "முடிஞ்சப்போ வர்றோம்" என்று சொல்லும் குழுவைவிட, "செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு வர்றோம் பாட்டி" என்று சொல்லி அதேபோல வரும் குழுவைத்தான் ஒரு நோயாளி நம்ப முடியும். முதல் கூட்டத்திலேயே உற்சாகத்தில் இருபது வீடு எழுதிக்கொண்டு வரும் ஒருவர் எந்தச் சபையிலும் இருப்பார். அவரை நோகடிக்காமல் நாலில் நிறுத்துங்கள்.

படி 3: யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்

சபையின் ஜெபக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். வீட்டுத் திருவிருந்து அல்லது வீட்டு நற்கருணை வாங்குகிறவர்கள் யார் என்று ஆயரிடம் கேளுங்கள். முன்பு முன் வரிசையில் உட்கார்ந்து, இப்போது ஆறு மாதமாகக் காணாமல் போனவர்கள் யார்? பெரும்பாலும் அவர்களுக்கு மூட்டுவலி, அல்லது கண் தெரியவில்லை, அல்லது கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை.

அப்புறம் சபைக்கு வெளியே. ரேஷன் கடைக்காரர், தெருமுனைப் பூக்காரம்மா, மருந்துக்கடைப் பையன், கிராமம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியர், இவர்களுக்குத் தெரியாத நோயாளி கிடையாது. "இந்தத் தெருவில் வெளியே வர முடியாமல் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால் போதும்.

இந்தப் படியில் ஒரு கசப்பான பேச்சும் பேசியாக வேண்டும். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஆதிச் சபையின் தினசரிப் பந்தி விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கிரேக்க மொழி பேசும் விதவைகள் மட்டும் விடுபட்டுப்போனார்கள். புகார் வந்ததும் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்து விதவைகள் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தி விசாரணை முழுவதும் போய்ச் சேர்ந்தது என்று அதை வாசிக்கலாம்.

நம் சபைகளில் விடுபடுகிறவர்கள் யார்? சாதியைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுப்பிய வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு உண்டு. நீங்கள் எழுதிய நாலு வீடும் ஒரே சொந்தபந்தத்துக்குள், ஒரே சாதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். குழுவையும் அப்படியே கலந்து அமையுங்கள். போன வீட்டில் தண்ணீரோ காப்பியோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்று எல்லா வீட்டிலும் சொன்னால் பரவாயில்லை. ஒரு தெருவில் மட்டும் அப்படிச் சொன்னால் அதன் அர்த்தம் அந்த வீட்டாருக்கு நன்றாகவே தெரியும்.

படி 4: இரண்டிரண்டு பேராக

இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கியதும், இன்று தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையாக இருப்பதுமான இயக்கத்திலும் வீடு சந்திப்புக்கு இருவராகப் போவதே வழக்கம். காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. ஒருவர் நோயாளியோடு பேசும்போது இன்னொருவர் பராமரிப்பவரோடு பேசலாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வாரம் விட்டுப்போகாது. பணம், நகை, நடத்தை என்று பின்னால் எந்தப் பேச்சு வந்தாலும் சாட்சி இருக்கும்.

பெண் நோயாளி தனியாக இருக்கும் வீட்டுக்குக் குழுவில் ஒரு பெண்ணாவது போக வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்தத் தொண்டரும் குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கக் கூடாது, அவர் சபை மூப்பராக இருந்தாலும் சரி. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால், 'கோயில் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி தகவலை மறைப்பதே குற்றம். சைல்டு ஹெல்ப்லைன் எண் 1098.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பாடுகிறவர், நன்றாக ஜெபிக்கிறவர் என்று தேடாதீர்கள். அதிகம் பேசாதவர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர், கேட்டதை வெளியே சொல்லாதவர் போதும். மூன்றாவது குணம் அரிது. ஒரு வீட்டில் மகன் குடிக்கிறான் என்று தெரிந்தால், அது 'ஜெபத்துக்காக' என்ற பெயரில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு வந்துவிடக் கூடாது. அப்படி ஒரு முறை வந்துவிட்டால் அந்த வீட்டுக் கதவு இனி திறக்காது.

படி 5: முதல் சந்திப்பு

முன்கூட்டியே போன் செய்து, பராமரிப்பவரிடம் நேரம் கேட்டுப் போங்கள். சாப்பாட்டு வேளையும் மதியத் தூக்க வேளையும் வேண்டாம். செருப்பை வெளியே விடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகவே வேண்டாம்.

நின்றபடி பேசாதீர்கள். ஸ்டூலோ நாற்காலியோ இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பேச்சுக் குழறும் பக்கவாத நோயாளி என்றால் அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், காத்திருங்கள். "உங்களுக்கு என்ன நோய், எப்போது வந்தது, டாக்டர் என்ன சொன்னார்" என்று முதல் நாளே விசாரணை நடத்தவும் வேண்டாம். பழைய நாட்களைக் கேளுங்கள்: எந்த ஊர், என்ன வேலை, எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தது. படுத்துக்கிடப்பவரிடம் மாத்திரை, மலம், தூக்கம் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிப் போகும் பழக்கத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இனிப்புப் பானம் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ள சிலருக்குப் பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழமும் இளநீரும் கெடுதல். என்ன வாங்கி வரட்டும் என்று பராமரிப்பவரிடம் கேட்டால், பெரும்பாலும் டயாப்பர், டெட்டால், பழைய பருத்திப் புடவை, கியாஸ் சிலிண்டர் தூக்கிவைக்க ஒரு ஆள் என்றுதான் பதில் வரும்.

அரை மணி நேரம் போதும். கிளம்பும்போது அடுத்து வரும் நாளைச் சொல்லுங்கள். போட்டோ வேண்டாம். அவர்களே விரும்பினாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்ற மலைப்பிரசங்க வார்த்தையை இன்றைக்குச் செல்போனுக்கும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

படி 6: உடம்பைக் கவனிப்பது

யாக்கோபு தன் நிருபத்தில், உடுத்த உடையும் அன்றாட ஆகாரமும் இல்லாதவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புவதைக் கேலியாகவே எழுதுகிறார். படுக்கையில் இருப்பவருக்கு அந்தச் சரீரத் தேவை என்பது பல நேரம் படுக்கைப் புண்தான். அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

சபையில் ஒரு செவிலியராவது இருப்பார், பணி ஓய்வு பெற்றவராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் அவரைக் கூப்பிட்டு, கட்டிலில் ஒருவரைப் படுக்கவைத்து, புரட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது ஆகியவற்றைக் குழு முழுவதும் கையால் செய்து பழகுங்கள். நினைவில் வைக்க வேண்டியவை சில. தானாகப் புரள முடியாதவரைக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். இழுத்து நகர்த்தக் கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உரியும். முதுகின் அடி எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்னந்தலை, இந்த இடங்களைத்தான் தினமும் பார்க்க வேண்டும். தோல் சிவந்தோ வழக்கத்தைவிடக் கறுத்தோ தெரிந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் நிறம் மாறாமல் இருந்தால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்கவோ தைலம் போட்டு மசாஜ் செய்யவோ கூடாது. அதன்மேல் பாரம் விழாமல் படுக்கவைத்துச் செவிலியருக்குச் சொல்லுங்கள். டயர் மாதிரி வட்டத் தலையணையை அடியில் வைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சபைப் பணத்தில் ஒரு காற்றுப் படுக்கை வாங்கி வீட்டுக்கு வீடு மாற்றிக் கொடுக்கலாம். பேனருக்கு ஆகும் செலவைச் சில வருடம் மிச்சம் பிடித்தாலே போதும்.

உணவு ஊட்டும்போது தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். பக்கவாத நோயாளி தண்ணீர் குடிக்கும்போது இருமினால், ஊட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு அனுமதி இல்லாத வேலைகளும் உண்டு. ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடாதீர்கள், மாத்திரையை மாற்றாதீர்கள். "ஜெபித்தாயிற்று, இனி மருந்து வேண்டாம்" என்று எந்தத் தொண்டர் வாயிலிருந்து வந்தாலும் அன்றோடு அவரைக் குழுவிலிருந்து நிறுத்திவிடுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம். சமாரியன் ஜெபித்தானா என்று லூக்கா எழுதவில்லை, எண்ணெய் வார்த்ததை எழுதியிருக்கிறார்.

படி 7: பராமரிப்பவரை வெளியே அனுப்புங்கள்

என்னைக் கேட்டால் இந்த ஊழியத்தின் மிகப் பெரிய உதவி இதுதான், ஆனால் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. படுத்திருக்கும் மாமியாரைப் பார்க்கும் மருமகள், மனைவியைப் பார்க்கும் எழுபது வயதுக் கணவர், கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு அம்மாவோடு இருக்கும் மகள். இவர்களால் பேங்குக்குப் போக முடியாது, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாது, ஞாயிறு ஆராதனைக்கு வர முடியாது. பல பேருக்கு முதுகுவலி, ரத்த அழுத்தம் இருக்கும். தங்களுக்கென்று ஒரு டாக்டரைப் பார்த்தே வருடமாகியிருக்கும்.

வாரத்தில் இரண்டு மணி நேரம் நீங்கள் உட்காருங்கள், அவரை வெளியே போகச் சொல்லுங்கள். முதல் தடவை போகமாட்டார். "இல்லக்கா, பரவாயில்ல, நீங்க இருங்க, நான் காப்பி போடுறேன்" என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார். மூன்றாவது, நாலாவது வாரம் முனைக் கடை வரைக்கும் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் ஓடி வருவார். வற்புறுத்தாதீர்கள். நம்பிக்கை வந்த பிறகு ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு, நல்ல புடவை உடுத்தி, அவராகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே போனார் என்று கேட்க வேண்டாம்.

படி 8: காகித வேலை

இதில் படித்த வாலிபர்களை இறக்கிவிடுங்கள். வாலிபர் சங்கத்தில் கிதார் வாசிக்க மட்டும் ஆள் இருந்தால் போதாது.

ஆதரவற்ற முதியோருக்கான உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூட இருந்தால் நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷன் நாளில்தான் பல குடும்பங்கள் அட்டையைத் தேட ஆரம்பிக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2025-இல் வந்த தாயுமானவர் திட்டத்தில் மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது பற்றி ரேஷன் கடையில் கேளுங்கள். ஓய்வூதியம் வாங்கும் பழைய ஆசிரியர்களுக்கு வாழ்நாள் சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார், கொஞ்சம் கட்டணம் உண்டு.

கூடவே, நோயாளியின் தலைமாட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை இருந்தால் அது, மகன் அல்லது மகள் போன் எண், ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவி எண் 14567. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத்திணறல் வரும்போது அந்தத் தாளைப் பார்த்தாலே போதும், பதற்றத்தில் எதையும் தேட வேண்டியிருக்காது.

படி 9: பணம்

தென் மாவட்டச் சபைகளில் பிடி அரிசி என்ற வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். இந்த ஊழியத்துக்கு அதுவே நல்ல மாதிரி: எல்லாரும் கொஞ்சம், எப்போதும். ஒரே பணக்காரரை நம்பித் தொடங்காதீர்கள். அவர் கோபித்துக்கொண்டு சபை மாறினால் நாலு வீட்டுக்கும் மருந்து நின்றுபோகும்.

கையில் ரொக்கம் கொடுப்பதைக் கூடியவரை தவிர்த்து, மருந்துக்கடைக்கோ மளிகைக்கடைக்கோ நேராகக் கட்டுங்கள். தொண்டர் தன் சொந்தப் பணத்தைக் கடன் கொடுக்கக் கூடாது, நகையை அடகு வைத்துத் தருவதாகச் சொல்லக் கூடாது, சொத்துப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. சபைக் கணக்கிலேயே தனித் தலைப்பு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒரு முறை கணக்கு வாசிப்பு. வாசிக்கும்போது தொகையை மட்டும் சொல்லுங்கள், வாங்கியவர் பெயர் வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வரும். பதிவு இல்லாமல் வாங்க முடியாது. ஆயர் மூலம் மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 10: ஜெபம், சாட்சி, பிற மத வீடுகள்

உங்கள் நாலில் ஒரு வீடாவது கிறிஸ்தவர் அல்லாத வீடாக இருக்கட்டும். அங்கே சந்தேகம் வரும், வருவது நியாயமும்கூட. மதம் மாற்ற வருகிறார்களோ என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள்: "நாங்க கோயில்ல இருந்து வர்றோம். இயேசு சொன்னதால வர்றோம். நீங்க எங்க கோயிலுக்கு வரணும்னு இல்ல." சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். துண்டுப் பிரசுரத்தை மருந்துப் பையில் செருகிவைக்காதீர்கள்.

லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் குணமானார்கள். ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான், அவனும் யூதர்கள் அந்நியனாக நினைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேரும் எங்கே என்று இயேசு கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நிபந்தனையோடு கொடுத்த உதவி வியாபாரமாகிவிடும். மத்தேயு 25-லும் பசியாயிருந்தவர், வியாதியாயிருந்தவர், காவலில் இருந்தவர் என்று பட்டியல் வருகிறதே தவிர, அவர்கள் எந்தச் சபை உறுப்பினர்கள் என்ற கேள்வியே வருவதில்லை. "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு" என்றுதான் இருக்கிறது.

யாராவது "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டால் பண்ணுங்கள். சின்னதாக, தாழ்ந்த குரலில். அந்த ஜெபத்துக்குள் மகனுக்குப் புத்திமதி சொல்லாதீர்கள். உங்கள் பாவத்தால்தான் நோய் வந்தது என்ற பேச்சு எந்த வடிவத்திலும் வேண்டாம். எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போனது.

படி 11: சாவும் களைப்பும்

நாலு வீட்டில் ஒரு வீட்டிலாவது வருடத்துக்குள் சாவு விழ வாய்ப்புண்டு. அன்று போய் நாற்காலி போடுவதற்கும், டீ கொடுப்பதற்கும், கல்லறை வேலைக்கும் ஊரே வரும். நீங்கள் குறித்துவைக்க வேண்டியது அதற்குப் பிந்திய செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு வழக்கம்போல் போங்கள். மூன்று மாதம் அந்த வீட்டைப் பட்டியலில் வைத்திருங்கள். மீந்த மாத்திரையைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது, உதவித்தொகையை நிறுத்தச் சொல்வது, இறப்புச் சான்றிதழ், கணவரை இழந்தவருக்கு விதவை உதவித்தொகை விண்ணப்பம், இதற்கெல்லாம் அப்போதுதான் ஆள் வேண்டும்.

தொண்டர்களும் மனிதர்கள்தான். தொடர்ந்து சாவைப் பார்த்தால் தூக்கம் போகும், எரிச்சல் வரும், சொந்த வீட்டில் சண்டை வரும். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, "சற்றே இளைப்பாறும்படி" தனித்த இடத்துக்கு வரச் சொல்லி சீஷர்களைக் கூப்பிட்டவர் இயேசு. மாதம் ஒரு முறை குழு மட்டும் கூடி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். வருடத்தில் ஒரு மாதம் ஒவ்வொருவருக்கும் லீவு. லீவில் இருப்பவரைப் பார்த்து "என்ன, ஊழியத்தை விட்டுட்டீங்களா?" என்று ஆலய வாசலில் கேட்கும் பெரியவர்களுக்கு ஆயரே பதில் சொல்லட்டும்.

ஆறு மாதம் கழித்துச் சந்திப்பு நோட்டைத் திறந்து உட்காருங்கள். ஐந்தாவது வீட்டைச் சேர்க்கலாமா என்ற பேச்சு அப்போது வரும். முதலில், இந்த ஆறு மாதத்தில் எத்தனை செவ்வாய்க்கிழமை விட்டுப்போனது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் இப்போதைக்கு நாலு வீடே போதும். தொண்டர்களில் இன்னும் ஒரு ஜோடியைத் தேடுங்கள்.